வெளிநாட்டுக் கடற்கரையில் குத்தகை நிலத்தில் வீடு கட்டுமுன் பார்க்க வேண்டியவை

வெளிநாட்டில் கடலைப் பார்த்தபடி ஒரு வீடு வேண்டும் என்று கிளம்புகிறவர் முதலில் முட்டிக்கொள்வது அந்நாட்டின் நிலச் சட்டத்தில்தான். தாய்லாந்தும் பிலிப்பைன்ஸும் அயல்நாட்டவர் தம் பெயரில் நிலம் வாங்குவதைப் பொதுவாக அனுமதிப்பதில்லை. இந்தோனேசியாவின் 1960 ஆம் ஆண்டு நிலச் சட்டம் முழு உரிமையை அந்நாட்டுக் குடிமக்களுக்கே ஒதுக்கி வைத்திருக்கிறது. இலங்கையின் 2014 ஆம் ஆண்டுச் சட்டம் அயல்நாட்டவருக்கு நிலத்தைக் கைமாற்றுவதைத் தடுத்து, 99 ஆண்டு வரையிலான குத்தகைக்கு மட்டும் வழிவிடுகிறது. மெக்சிகோவில் கடலோரத்திலிருந்து 50 கிலோமீட்டருக்குள் இருக்கும் நிலத்தை அயல்நாட்டவர் நேரடியாக வைத்துக்கொள்ள முடியாது. நிலத்தை ஒரு வங்கியின் பெயரில் வைக்கும் அறக்கட்டளை ஏற்பாட்டில், 50 ஆண்டுக்குத்தான் அனுபவிக்க முடியும். இப்படி வாசல் அடைபட்ட இடங்களில்தான் தரகர் குத்தகைப் பத்திரத்தை நீட்டி, “சொந்த நிலம் மாதிரிதான், ஒரு வித்தியாசமும் இல்லை” என்கிறார். குத்தகை எடுப்பதில் தவறில்லை. குத்தகை நிலத்தில், சொந்த நிலத்தில் கட்டுகிற மனதோடு செலவு செய்து கட்டும்போதுதான் பணம் மாட்டிக்கொள்கிறது.

கட்டடம் யாருக்குச் சொந்தம்?

பத்திர வரைவு கைக்கு வந்ததும் வாடகைத் தொகையையோ காலத்தையோ பார்ப்பதற்கு முன், கடைசிப் பக்கங்களுக்குப் போய் ஒரு வாசகத்தைத் தேட வேண்டும். ஏறக்குறைய இந்த நடையில் அது இருக்கும்: “குத்தகைக் காலம் முடிந்தாலோ அதற்கு முன்பே குத்தகை ரத்தானாலோ, நிலத்தின் மேலுள்ள கட்டடங்களும் மேம்பாடுகளும் எவ்வித இழப்பீடும் இன்றி நில உரிமையாளரைச் சேரும்.” காலம் முடிந்தால் சேரும் என்பது எதிர்பார்க்கக்கூடியதே. ஆபத்து “அதற்கு முன்பே ரத்தானாலோ” என்ற நடுப்பகுதியில் இருக்கிறது. வாடகை ஒரு தவணை தாமதமானாலும், முன்அனுமதி இல்லாமல் ஒரு கொட்டகை போட்டாலும் குத்தகையை ரத்து செய்யலாம் என்று இன்னொரு பக்கத்தில் எழுதியிருந்தால், இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது முழு வீடும் ஒரு தாமதத் தவணையின் விலைக்குப் போய்விடும். எனவே ரத்துக்கான காரணங்களை எண்ணிக் குறுக்க வேண்டும். எழுத்து மூலமான முன்னறிவிப்பும், குறையைச் சரிசெய்துகொள்ள நியாயமான அவகாசமும், குறித்த காலத்துக்கு முன் குத்தகை முறிந்தால் கட்டடத்தின் எஞ்சிய மதிப்புக்கு இழப்பீடும் பத்திரத்தில் இடம்பெற வேண்டும்.

பல நாடுகளின் சட்டத்தில், மண்ணோடு பதிந்தது மண்ணுக்கு உரியவனைச் சேரும் என்பதே அடிப்படை விதி. சில நாடுகள் இதற்கு விலக்கு தருகின்றன. தாய்லாந்தின் சிவில் வணிகச் சட்டத் தொகுப்பு, பிறர் நிலத்தில் உரிமை பெற்றுக் கட்டியவரின் கட்டடத்தை நிலத்தின் பகுதியாகக் கருதுவதில்லை. நிலத்தின் மேல் கட்டடம் வைத்துக்கொள்ளும் தனி உரிமையொன்றைப் பதிவு செய்யவும் அங்கே வழியுண்டு. இந்தப் பாதுகாப்பு காகிதத்தில் நிற்க வேண்டுமானால் கட்டட அனுமதி கட்டுகிறவர் பெயரில் வாங்கப்பட்டிருக்க வேண்டும். “நானே வாங்கித் தருகிறேன், உங்களுக்கு எதற்கு அலைச்சல்” என்று நில உரிமையாளர் அன்போடு முன்வந்தாலும், அந்த அன்பை மறுத்துவிட்டு அலைவதே நல்லது. ஒப்பந்தக்காரரின் ரசீதுகளும் சிமெண்ட், கம்பி வாங்கிய பில்களும் அதே பெயரில் இருக்கட்டும்.

பதிவான ஆண்டுகளை மட்டும் எண்ணுங்கள்

“30 கூட்டல் 30 கூட்டல் 30” என்ற விளம்பரத்தைப் பார்த்து 90 ஆண்டு என்று கூட்டிக்கொள்கிறவர்கள் ஏராளம். தாய்லாந்தில் வீட்டு நிலக் குத்தகைக்குச் சட்டம் வைத்திருக்கும் உச்சவரம்பு 30 ஆண்டு. மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகையை நிலப் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்யாவிட்டால், பத்திரத்தில் எத்தனை ஆண்டு எழுதியிருந்தாலும் மூன்று ஆண்டுக்கு மட்டுமே அதை நிலைநாட்ட முடியும். அடுத்த 30 ஆண்டு என்பது இன்றைய உரிமையாளர் கொடுக்கும் வாக்குறுதி. அவர் நிலத்தை விற்றுவிட்டாலோ இறந்துவிட்டாலோ, அந்த வாக்குறுதி புதிய உரிமையாளரைக் கட்டுப்படுத்தும் என்று நம்பிக் கட்டடம் எழுப்புவது சூதாட்டம்.

புதுப்பிக்க மறுப்பதற்குக் கெட்ட எண்ணம் தேவையில்லை, தலைமுறை மாறினாலே போதும். பிஜித் தீவுகளில் இந்திய வம்சாவளிக் கரும்பு விவசாயிகள், அவர்களில் தமிழ்க் குடும்பங்களும் உண்டு, வேளாண் குத்தகைச் சட்டத்தின் கீழ் பூர்வகுடிகளின் நிலத்தை 30 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். 1997 முதல் அந்தக் குத்தகைகள் ஒவ்வொன்றாக முடியத் தொடங்கியபோது, பலருக்குப் புதுப்பிப்பு கிடைக்கவில்லை. பிறந்து வளர்ந்த வீட்டை விட்டுப் பல குடும்பங்கள் வெளியேறின. அது விளைநிலம், கடற்கரை அல்ல. ஆனால் கடற்கரை மனையில் இந்தச் சிக்கல் கூடுமே தவிரக் குறையாது, ஏனென்றால் 30 ஆண்டில் அந்த மனையின் மதிப்பு ஏறியிருந்தால் பழைய வாடகைக்குப் புதுப்பித்துத் தர எந்த வாரிசுக்கும் மனம் வராது.

ஆகவே கணக்கைப் பதிவான முதல் குத்தகைக் காலத்துக்குள்ளேயே முடித்துவிட வேண்டும். முன்பணமாகக் கொடுக்கும் மொத்த வாடகை, கட்டுமானச் செலவு, பதிவுக் கட்டணம், வழக்கறிஞர் கட்டணம் எல்லாவற்றையும் கூட்டி, கட்டி முடிக்க ஆகும் காலத்தைக் கழித்து எஞ்சும் ஆண்டுகளால் வகுக்க வேண்டும். 30 ஆண்டுக் குத்தகையில் கட்டுமானத்துக்கு இரண்டு ஆண்டு போனால் வகுக்கும் எண் 28. வருகிற விடைதான் அந்த வீட்டின் உண்மையான ஆண்டு வாடகை. அதே கடற்கரையில் அதே வசதியுள்ள வீட்டை வாடகைக்கு எடுத்தால் ஆகும் செலவை அதன் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பலருக்கு அங்கேயே ஆசை தெளிந்துவிடும். அப்படியும் கட்டுவதென்றால், தெரிந்து செய்கிறார்கள் என்றாகிறது.

இறப்பையும் இங்கேயே பேசிவிட வேண்டும். சில நாடுகளில் குத்தகை என்பது எடுத்தவரோடு முடிகிற தனிப்பட்ட உரிமை. தாய்லாந்தில் அப்படித்தான் நீதிமன்றங்கள் கருதுகின்றன. வாரிசுகளுக்குத் தொடரும் என்று பத்திரத்தில் தெளிவாக எழுதுவது, கணவன் மனைவி இருவர் பெயரையும் சேர்ப்பது, அந்த நாட்டுச் சட்டப்படி ஓர் உயில் எழுதி வைப்பது ஆகிய மூன்றையும் செய்ய வேண்டும். ஊரில் எழுதிய உயில் அங்கே தானாகச் செல்லுபடியாகும் என்று எண்ணிக்கொள்ளக் கூடாது.

குத்தகைக்குக் கொடுப்பவருக்கே உரிமை இருக்கிறதா?

மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியாவில், என்செனாதாவுக்கு அருகே புன்தா பாந்தா என்ற கடலோரப் பகுதியில், அமெரிக்கர்கள் பலர் குத்தகை நிலத்தில் நல்ல வீடுகளைக் கட்டி வாழ்ந்தார்கள். குத்தகை, எஹிதோ எனப்படும் சமூகக் கூட்டுநில அமைப்பின் வழியாக வந்தது. அந்த நிலம் எஹிதோவுக்கு உரியதே அல்ல, அதற்கு வேறு தனியார் உரிமையாளர்கள் இருக்கிறார்கள் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. 2000 ஆம் ஆண்டின் இறுதியில் குடியிருந்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களில் யாரும் வாடகை பாக்கி வைத்ததற்காக வெளியேறவில்லை. கொடுத்தவருக்கு இல்லாத உரிமை, எடுத்தவருக்கு எப்படி வரும்?

மூலப்பத்திரத்தை நிலப் பதிவு அலுவலகத்திலேயே, நீங்கள் அமர்த்திய வழக்கறிஞர் மூலம் பார்க்க வேண்டும். உரிமையாளர் தரும் நகலை வைத்து முடிவெடுக்கக் கூடாது. கடலோரத்தில் அடிக்கடி கண்ணில் படுவது வரி ரசீது. தாய்லாந்தில் ‘போ போ தோ 5’ என்று சொல்லப்படும் தாள் நிலவரி கட்டியதற்கான சான்று மட்டுமே. அளந்து எல்லைக்கல் நட்ட முழு உரிமைப் பத்திரத்துக்குச் ‘சானோட்’ என்று பெயர். பிலிப்பைன்ஸிலும் வரி அறிவிப்புத் தாள் உரிமைப் பத்திரம் ஆகாது. போராக்காய் தீவில் தலைமுறைகளாக வரி கட்டிவந்தவர்கள் உரிமை கோரியபோது, அந்தத் தீவு நிலம் அரசுக்குச் சொந்தமானது என்று 2008 அக்டோபரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உள்ளூர்க்காரர்களுக்கே அதுதான் நிலை என்றால், அவர்களிடமிருந்து குத்தகைக்கு எடுத்தவரின் நிலையை விளக்க வேண்டியதில்லை.

பத்திரம் சரியாக இருந்தாலும் நிலம் அடமானத்தில் இருக்கலாம். குத்தகைக்கு முன்பே அடமானம் பதிவாகியிருந்தால், கடனுக்காக வங்கி நிலத்தை ஏலம் விடும்போது குத்தகை நிலைக்காமல் போகக்கூடும். வங்கியின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. கூட்டுக் குடும்ப நிலமென்றால் பங்காளிகள் அனைவரின் கையெழுத்தும் வேண்டும். வீட்டுக்கு வரும் பாதை உரிமையாளரின் வேறொரு மனை வழியாகப் போகிறதா என்றும் பாருங்கள். அந்த மனை நாளை விற்கப்பட்டால் புதிய சொந்தக்காரர் போடும் முதல் வேலி உங்கள் வழியில்தான் இருக்கும். பாதை உரிமையையும் குடிநீர்க் குழாய், மின் கம்பி போகும் உரிமையையும் தனியாகப் பதிவு செய்ய வேண்டும்.

உள்ளூர்க்காரர் ஒருவர் பெயரில் நிலத்தை வாங்கிப் பின்னணியில் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளும் பினாமி ஏற்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இந்தோனேசியாவின் சட்டம் இத்தகைய கைமாற்றத்தைச் செல்லாததாக்கி, நிலத்தை அரசிடம் சேர்க்கிறது. நீதிமன்றத்தில் காட்ட முடியாத ஒப்பந்தம் எதற்கும் உதவாது.

கரையோரத்தில் அரசின் பட்டை

உள்நாட்டு மனையில் இல்லாத சிக்கல் கடற்கரை மனையில் தொடங்குவது இங்கேதான். மனையின் கடல் பக்கத்துப் பகுதி உரிமையாளருடையதே அல்லாமல், நம்மூர் வழக்கில் சொன்னால் புறம்போக்காக, இருக்கலாம். மெக்சிகோவில் உயர் அலை எல்லையிலிருந்து 20 மீட்டர் அகலத்துக்கு மத்திய அரசின் பட்டை. வங்கி அறக்கட்டளைப் பத்திரத்துக்குள் அது வராது, தனி உரிமம் வாங்க வேண்டும். கோஸ்டாரிகாவின் 1977 ஆம் ஆண்டுச் சட்டப்படி கரையிலிருந்து முதல் 50 மீட்டர் பொதுவிடம், யாருக்கும் கிடையாது. அடுத்த 150 மீட்டரை உள்ளாட்சி உரிமத்தின் பேரில் மட்டுமே பயன்படுத்தலாம், அயல்நாட்டவர் அந்த உரிமத்தைத் தம் பெயரில் பெற ஐந்தாண்டு அங்கே சட்டப்படி வசித்திருக்க வேண்டும். இந்தோனேசியாவில் உச்ச அலைப் புள்ளியிலிருந்து குறைந்தது 100 மீட்டர் கரைப் பாதுகாப்புப் பட்டை. பாலியின் பிங்கின் கடற்கரையில், அரசு நிலத்தில் அனுமதியின்றிக் கட்டியவை என்று அறிவிக்கப்பட்ட 48 கட்டடங்களை இடிக்கும் பணியை மாகாண நிர்வாகம் 2025 ஜூலையில் தொடங்கியது. விடுதிகளும் உணவகங்களும் ஆண்டுக்கணக்கில் வெளிப்படையாக நடந்துவந்த இடம் அது. பக்கத்தில் நாலு பேர் கட்டியிருக்கிறார்கள் என்பது அனுமதிக்குச் சான்று ஆகாது.

இந்தப் பட்டை எங்கே தொடங்குகிறது என்பதுதான் வம்பு. அது அலையிலிருந்து அளக்கப்படுகிறது, அலை நகர்கிறது. கடல் பத்து மீட்டர் உள்ளே வந்தால் அரசின் பட்டையும் பத்து மீட்டர் உள்ளே வருகிறது, நேற்று முற்றமாக இருந்தது இன்று கட்டக் கூடாத இடமாகிறது, வாடகையோ பழைய பரப்புக்கே ஓடிக்கொண்டிருக்கிறது. ஸ்பெயினில் 1988 ஆம் ஆண்டுக் கடற்கரைச் சட்டம், பொதுக் கடலோரத்துக்குள் அடங்கிய வீடுகளின் சொந்தக்காரர்களையே 30 ஆண்டு அனுபவ உரிமம் பெற்றவர்களாக மாற்றியது. 2013 ஆம் ஆண்டுத் திருத்தம் அதை 75 ஆண்டு வரை நீட்டித்தது. சொந்தப் பத்திரம் வைத்திருந்தவர்களுக்கே நேர்ந்தது இது.

ஆகவே நிலத்தை வறண்ட பருவத்தின் அமைதியான காலையில் பார்த்துவிட்டுத் திரும்பக் கூடாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில், முடிந்தால் பருவக்காற்றுக் காலத்தில், ஓதம் (கடல்மட்ட ஏற்றம்) உச்சத்தில் இருக்கும் நேரத்தில் போக வேண்டும். அலை கடைசியாகக் கொண்டுவந்து போட்ட காய்ந்த பாசியும் குச்சியும் நெகிழிக் குப்பையும் ஒரு வரியாகக் கிடக்கும்; அந்த வரியிலிருந்து வீடு வரப்போகும் இடம் எத்தனை அடி என்று நடந்து பாருங்கள். தென்னை, தாழை மரங்களின் வேர்கள் மண் கழுவப்பட்டு வெளியே தொங்கினால், கரை தின்னப்படுகிறது. பக்கத்து மனைக்காரர் கல்கொட்டித் தடுப்புச் சுவர் எழுப்பியிருந்தால் மகிழ வேண்டாம், அந்தச் சுவர் முடிகிற முனையில் அரிப்பு வேகம் பிடிக்கும், அந்த முனை உங்கள் எல்லையாக இருக்கலாம். கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் படங்களை வரிசையாகத் திருப்பிப் பார்த்தால் கரைக்கோடு எங்கிருந்து எங்கே வந்திருக்கிறது என்பது தெரியும். ஒரே பருவத்துப் படங்களை ஒப்பிட வேண்டும், ஏனெனில் கொந்தளிப்பான பருவத்தில் மணல் மெலிந்து, அமைதிப் பருவத்தில் திரும்பி வருவது வழக்கம்.

பத்திரத்தில் இதற்கென ஒரு பிரிவு வேண்டும். மனையின் பரப்பு கடலாலோ அரசு அறிவிப்பாலோ குறைந்தால் வாடகை அதே விகிதத்தில் குறைய வேண்டும். வீடு கட்டவோ வாழவோ முடியாத அளவுக்குக் குறைந்தால் குத்தகையை ஒப்படைத்துவிட்டு, முன்கூட்டிக் கட்டிய வாடகையில் எஞ்சிய ஆண்டுகளுக்கானதைத் திரும்பப் பெறும் உரிமை வேண்டும். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு இலங்கை அரசு தெற்கிலும் மேற்கிலும் 100 மீட்டர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீட்டர் தடுப்பு வலயம் அறிவித்து, அதற்குள் வீடுகளை மீண்டும் கட்டுவதைத் தடுத்தது. பிறகுதான் அது தளர்த்தப்பட்டது. வீடு போய், கட்டவும் முடியாமல், வாடகை மட்டும் தொடரும் நிலைக்குப் பத்திரம் பதில் சொல்லாவிட்டால் வேறெதுவும் சொல்லாது. காப்பீட்டிலும் புயல் அலை, வெள்ளம், கரையரிப்பு ஆகியவை விலக்கப்பட்டுள்ளனவா என்று பார்க்க வேண்டும். இழப்பீட்டுத் தொகை நில உரிமையாளரின் கைக்குப் போகும்படி எழுதியிருக்கக் கூடாது.

கட்டுவதென்று முடிவானால்

குத்தகைக் காலத்துக்கு ஏற்ற கட்டடம் போதும். கடல்காற்றிலுள்ள உப்பு காங்கிரீட்டுக்குள் ஊடுருவிக் கம்பியை எட்டினால், துரு பருத்து மேற்பூச்சை வெடிக்க வைக்கும். கழுவாத கடல் மணலைக் கலந்து கட்டினால் அந்த உப்பு முதல் நாளிலிருந்தே உள்ளே இருக்கும். கம்பிக்கு மேலுள்ள காங்கிரீட் உறை எவ்வளவு தடிமன், மணல் எங்கிருந்து வருகிறது என்ற இரண்டையும் மேற்பார்வைப் பொறியாளரிடம் எழுதி வாங்குங்கள். 30 ஆண்டுக் குத்தகையில் மூன்று மாடி எழுப்புவதை விட, கடலிலிருந்து தள்ளி, தூண்கள் மேல், மரமும் இலகுவான கூரையும் கொண்டு கட்டுவது என் பார்வையில் புத்திசாலித்தனம். பழுதானால் மாற்றலாம், தேவைப்பட்டால் கழற்றலாம்.

வீட்டைச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்டுப் போட்ட பணத்தை எடுத்துவிடலாம் என்ற கணக்கை உரிமம் பார்க்காமல் போடக் கூடாது. தாய்லாந்தில் நாள் வாடகைக்கு விடுவது 2004 ஆம் ஆண்டு விடுதிச் சட்டத்தின் கீழ் வரக்கூடும். குத்தகைப் பத்திரமே உள்வாடகையைத் தடுத்திருக்கவும் கூடும்.

பத்திரம் இரு மொழிகளில் இருந்தால் முரண்பாடு வரும்போது எந்த மொழி வாசகம் செல்லும் என்பது முக்கியம். பெரும்பாலும் அது உள்ளூர் மொழியாகத்தான் இருக்கும், ஆகவே அந்த வாசகத்தைத் தரகரோ விற்பவரோ பரிந்துரைக்காத ஒருவரைக் கொண்டு மொழிபெயர்த்துப் படிக்க வேண்டும். தரகரின் வழக்கறிஞரே உங்களுக்கும் வழக்கறிஞர் என்ற ஏற்பாடு மலிவாக இருக்கும், பிறகு மிகவும் விலை கொடுக்க வைக்கும்.

விற்று வெளியேறும் வழியையும் இப்போதே எழுதிவிட வேண்டும். குத்தகையை வேறொருவருக்கு மாற்ற உரிமையாளரின் சம்மதம் தேவையென்றால், காரணமின்றி மறுக்கக் கூடாது என்றும், மாற்றுக் கட்டணம் இவ்வளவுதான் என்றும் குறிப்பிட வேண்டும். எஞ்சிய காலம் குறையக் குறைய வாங்குகிறவருக்கு வங்கிக் கடன் கிடைப்பது அரிதாகி, விலை சரியும். விற்கும் எண்ணம் இருந்தால் காலத்தின் முதல் பாதியிலேயே விற்றுவிட வேண்டும். இறுதிவரை வைத்திருப்பவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: சில பத்திரங்கள் கட்டடத்தை இடித்து, நிலத்தைப் பழைய நிலையில் ஒப்படைக்கும் செலவை எடுத்தவர் தலையில் கட்டுகின்றன. இடிப்பதா, விட்டுச் செல்வதா என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களிடம் இருக்கட்டும். கழற்றிக்கொண்டு போகக்கூடிய சூரிய மின்தகடுகள், தண்ணீர் மோட்டார், ஜெனரேட்டர், கதவுகள் ஆகியவற்றுக்கு ஒரு பட்டியல் போட்டுப் பத்திரத்தோடு இணைத்து, இருவரும் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்டுப் பதிவு செய்துவிடுங்கள்.